ஆர்ச் பாலத்தில் நடந்த நாட்கள்

கம்பம் ரோட்டில் முல்லைப் பெரியாற்றின் மேல் இருந்த பழைய ஆர்ச் பாலம் ரொம்பக் குறுகல். எதிரே ஒரு லாரி ஏறிவிட்டால் இந்தப் பக்கம் காத்துக்கிடக்க வேண்டியதுதான். திராட்சை லோடு ஓட்டிய காலமெல்லாம் என் கணவர் அந்தப் பாலத்தைத் திட்டாமல் கடந்ததில்லை.

கடைசியில் பக்கத்திலேயே அகலமாகப் புதுப் பாலம் வந்தது. பழையதில் வண்டிகள் நின்றுபோயின. அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். ரோட்டில் நடக்கவிட எனக்குப் பயம். பழைய பாலத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு கை கைப்பிடிச் சுவரில், மறு கை என் தோளில். போகப்போக என் தோள் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஒருநாள் நடுப்பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தார். "இத்தன வருசம் இதுமேல போயிருக்கேன். ஒருநாளும் நின்னு ஆத்தப் பாக்கலையே" என்றார்.

பாலத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவரே என்னையும் கூட்டிக்கொண்டு போய் நெடுஞ்சாலைத் துறை இன்ஜினியரிடம் கேட்டார். "சார், நடக்குறவுகளுக்காவது விட்டு வைக்கக் கூடாதா?"

அந்த இன்ஜினியர் எரிந்து விழவில்லை. எங்களைக் கரைக்குக் கூட்டிப்போய் வளைவின் அடிப்பக்கத்தைக் காட்டினார். சிமெண்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. "வெள்ளத்துல இது சரிஞ்சா புதுப் பாலத்துலதான்யா வந்து மோதும்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது இவர், "அவுக சொல்றது சரிதான். ஓவர்லோடு ஏத்திக்கிட்டு நானே எத்தன தடவ அதுமேல போயிருக்கேன்" என்றார்.

இடிக்கிற சத்தம் வீடுவரை கேட்டது. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதுப் பாலத்தில் நடைபாதை இல்லை. பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிட்டேன். கொஞ்ச நாள் வந்தார். "ஒரே எடத்தச் சுத்திச் சுத்தி வர நான் என்ன செக்கு மாடா?" என்று அதையும் விட்டுவிட்டார். கால் மறுபடி விறைத்துவிட்டது. இப்போது கட்டிலிலிருந்து வாசல்வரைதான் நடை, அதுவும் கம்பு ஊன்றித்தான்.

அந்தப் பாலம் இன்னும் ஒரு வருசம் நின்றிருந்தால் கம்பே இல்லாமல் நடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அவரிடம் சொல்வதில்லை.