ஏற்றத்தில் நின்ற வண்டி

நைனாவின் சட்டைகள் எல்லாவற்றிலும் வயிற்றுக்கு நேராகப் பொடிப் பொடியாய் ஓட்டைகள் இருக்கும். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போது தெறிக்கிற ஆசிட் செய்த வேலை. துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகும். அம்மா தைத்துப் பார்த்து அலுத்துப் போனாள். கல்லூரி விடுதிக்கு என்னைப் பார்க்க வரும் நாளில் மட்டும், யார் கல்யாணத்துக்கோ எடுத்துக் கொடுத்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து வாசலிலேயே நிற்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அதன் பிறகு எலெக்ட்ரிகல் டிப்ளமோவும் முடித்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

திருத்தணியில் மலைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தனியார் விடுதியில் நைனா பேட்டரி கார் ஓட்டினார். அதிக தூரம் நடக்க முடியாதவர்களை விடுதியிலிருந்து படிக்கட்டு ஆரம்பிக்கும் இடம்வரை கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டிவருவதும்தான் வேலை. அதற்கு முன்னால் திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். ஏதோ ஒரு கோல்ஃப் மைதானத்தில் கழித்துப்போட்ட இரண்டு வண்டிகளை விடுதி முதலாளி வாங்கி வந்திருந்தார். வண்டியின் பின்னால் ஒரு கம்பிச் சட்டமும் அதில் ஒரு வாரும் இருந்தன. அது எதற்கு என்று அங்கே யாருக்கும் தெரியாது. வழியில் காவடியைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால், நைனா அந்தச் சட்டத்தில் காவடியை நிமிர்த்தி வைத்து வாரால் கட்டிவிடுவார். ஆடிக் கிருத்திகை சமயத்தில் வண்டிக்குப் பின்னால் மயிலிறகு ஆடிக்கொண்டே போகும். பந்து அடிக்கிற மட்டைகளை வைப்பதற்கான சட்டம் அது என்று நான் தெரிந்துகொண்டு வந்து சொன்னேன். நைனா கொஞ்சம் யோசித்தார். "பரவால்ல, இங்க வந்த பொறவுதான் வண்டிக்கு நல்ல வேல கெடச்சிருக்கு" என்றார்.

இரண்டு வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். ஒன்று ஓடும்போது மற்றொன்று சார்ஜில் நிற்கும். பழைய பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும், சீக்கிரம் இறங்கிவிடும். இன்னொரு டிரைவரை நைனா மச்சான் முறையில் "பாவா" என்று கூப்பிடுவார். சொந்தம் ஒன்றுமில்லை, சேர்ந்து டீ குடித்தே வளர்ந்த உறவு. அந்தக் கணக்கில் எனக்கு அவர் மாமா. ஒரு காலை இழுத்து நடப்பவர். கரும்பு வெட்டவோ மூட்டை தூக்கவோ அவரால் ஆகாது. உட்கார்ந்து செய்கிற அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

படிப்பு முடிந்ததும் அரக்கோணத்தில் பேட்டரி வண்டிகளைச் சரிபார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். மத்தியானச் சோற்றைத் தனியாகவே சாப்பிடுவேன். நான் போனால் பேச்சு நின்றுவிடும் என்பதால் நானே போவதில்லை. அந்த விடுதியின் வண்டிகளில் ஒன்றை லித்தியம் பேட்டரிக்கு மாற்றும் வேலை எங்களுக்கு வந்தபோது, பட்டறைக்காரர் அதை என் பொறுப்பில் விட்டார். யார் துணையும் இல்லாமல் நான் செய்யப்போகிற முதல் வண்டி. நைனாவின் வண்டி.

நான் கருவிப் பையோடு இறங்கியபோது முதலாளி, மேனேஜர் எல்லாரும் நின்றிருந்தார்கள். நைனா வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டு, "மேடம், வண்டி ரெடிங்க" என்றார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா பாவா, பெத்த பொண்ணுக்கே சலாம் வெக்கிற?" நைனா சிரிக்கவில்லை. "வேலைக்கு வந்துகிற எடத்துல மேடம்தான். ஊட்டுக்கு வந்தா வெச்சிக்கறேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டது போலவும் இருந்தது.

பழைய பேட்டரிகளை ஒவ்வொன்றாக இரண்டு பேர் சேர்ந்து முக்கி முனகி வெளியே எடுத்தோம். பெட்டி முழுக்க ஆசிட் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சோடா மாவு கரைத்து ஊற்றிக் கழுவினேன். புதிய பேட்டரியை உள்ளே இறக்கியதும், பாரம் குறைந்து வண்டியே சற்று நிமிர்ந்து நின்றது. டிரைவருக்கு எதிரில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டரை மாட்டினேன். பழைய பேட்டரி தீரத் தீர வண்டியின் இழுவை குறையும், அதை வைத்தே டிரைவர்கள் தெரிந்துகொள்வார்கள். இது அப்படியில்லை. கடைசிவரை ஒரே மாதிரி இழுக்கும், தீர்ந்ததும் பட்டென்று நின்றுவிடும். மீட்டரைத்தான் நம்ப வேண்டும். இதை இருவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். நைனா அன்றைக்கே பிடித்துக்கொண்டார். சாப்பிடும்போதுகூட, "இருவதுக்குக் கீழ போனா ஏத்தத்துல ஏத்தக் கூடாது. அதானம்மா?" என்று கேட்டார்.

முதலாளி புது வண்டி மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே சார்ஜ் ஏறிவிடுவதைப் பார்த்தார். "அப்ப ஒரு வண்டி போதும். ஒரு ஆளும் போதும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி, "கவலப்படாதம்மா, உங்கப்பாவையே வச்சிக்கறேன்" என்றார். மாமா சற்றுத் தள்ளிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். காற்றடிக்கும் சத்தம் நின்றது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் நைனா, "நான் நின்னுக்கறேன் பாவா, நீ ஓட்டு" என்றார். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ உட்டுக்குடுத்து நான் வாங்கணுமா? பிச்சையா அது? நீ நின்னா நானும் இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று பாதி டீயை வைத்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போனார். சொன்னால் செய்கிறவர்தான். நைனா அந்தப் பாதி டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

மறுநாள் மாலை, வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முதலாளியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நடக்க மாட்டாத ஒரு அம்மாள் ஏற வந்தபோது நைனா, "நீங்க அடுத்த டிரிப்புல வாங்கம்மா" என்று நிறுத்திவிட்டார். நாள் முழுக்க ஓடிய வண்டி. மீட்டர் ஒற்றை எண்ணில் இருந்தது. "நைனா, மீட்டர பாரு" என்றேன் மெதுவாக. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் மீட்டர்மேல் போட்டார். கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார். விடுதிக்கு ஏறும் ஏற்றத்தின் பாதியில் வண்டி பட்டென்று நின்றது. பிரேக்கை அழுத்திப் பூட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கையைப் பிசைந்தார்.

வண்டியைத் தள்ள வந்தவர்களில் ஒருவன், "பொண்ணு செஞ்ச வண்டி அப்பனையே நடுரோட்ல உட்டுச்சிடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டார். "பெரியவருக்கு இது ஒத்து வராதும்மா. அந்தாளே ஓட்டட்டும்" என்றார். துண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, "ஏன் நைனா துண்ட போட்ட?" என்றேன். "வெயில்ல கண்ணு கூசிச்சும்மா" என்றார். அன்று காலையிலிருந்தே வானம் மூடாக்காக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், என்னைப் பார்க்காமல், "உனக்கு வேற வண்டி வரும்" என்றார். மாமாவின் வேலைக்காக அவர் தன் பேரை மட்டும் கெடுத்துக்கொள்ளவில்லை, என் பேரையும் சேர்த்தே கொடுத்திருந்தார். என்னைக் கேட்கவில்லை.

செய்தி எனக்கு முன்னால் அரக்கோணம் போய்ச் சேர்ந்திருந்தது. "மொத வண்டியே நடுவுல நின்னுச்சாமே" என்றார்கள். அடுத்த வேலைக்கு என்னோடு ஒரு ஆளைச் சேர்த்து அனுப்பினார்கள். சரியாகச் செய்த வேலை அது என்பது எனக்குத் தெரியும், நைனாவுக்குத் தெரியும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. கோபத்தில் சென்னைக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்தேன். நைனா கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். போனில் பேசுவோம். சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பேன். அதற்குமேல் இருவருக்கும் வாய் வராது. அப்படியே ஒருநாள் மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்த வாக்கில் போய்விட்டார்.

இன்று நான் பேட்டரி செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எத்தனையோ வண்டிகள் வந்துவிட்டன, அவர் சொன்னபடியே. வேலை முடிந்து வந்து, வாடகை அறையில் விளக்கைப் போட்டதும், இன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை என்பது உறைக்கும். அவரிடம் நான் சொல்லியிருக்கக்கூடிய சாயங்காலங்களை நானும் அவரும் வீணாக்கிவிட்டோம்.

போன மாதம் திருத்தணிக்குப் போயிருந்தேன். மாமா முடி நரைத்து, அதே வண்டியில் இருந்தார். பார்த்ததும் கையைப் பிடித்து முன்சீட்டில் பக்கத்தில் உட்காரவைத்தார். வண்டி ஏற்றத்துக்கு வந்தபோது மீட்டரை விரலால் தட்டிக் காட்டினார்.

"இத ஒரு கண்ணு பாத்துகினே ஓட்டணும், அவ்ளோதாம்மா. உங்க நைனாவுக்குத்தான் இது கடசி வரைக்கும் வரல. நல்ல மனுசன், பாவம்."

வண்டி ஒரே இழுவையில் ஏற்றத்தை ஏறி முடித்தது.

"ஆங் மாமா" என்றேன். "நைனாவுக்கு அது வரவேயில்ல."