ஆடிப்பெருக்கு வரைக்கும்

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் கம்பெனிகளுக்கு வருடம் ஆடியில்தான் பிறக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, அடுத்த வருடத்துக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போவார்கள். எங்கள் கம்பெனியில் அந்த ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கமும் என் வேலை. டிசைன் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. அந்த நாற்காலியைப் பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் ஆடி பிறந்தபோது நான் முழுகாமல் இருந்தேன். கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. என்னோடு அதே அறையில் வேலை பார்த்த ஒருத்தி, உண்டாகியிருக்கிறேன் என்று சொன்ன வாரமே "வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்பி வைக்கப்பட்டாள். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தபோது அவளுக்கு இடம் இல்லை. அதனால் ஆடிப்பெருக்கு வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆல்பம் என் கையால் வெளியே போய், ஏஜெண்டுகளும் பாராட்டிவிட்டால், என்னை அந்த நாற்காலியிலிருந்து அவ்வளவு சுலபமாக எழுப்பிவிட முடியாது என்று நம்பினேன்.

மறைப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. மெஷின் அறையிலிருந்து வரும் மை வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் குடலைப் பிரட்டும். கழிவறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்து, கேட்பவர்களிடம் "கேஸ் ட்ரபிள்" என்பேன். இதில் இன்னொரு கொடுமை, கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை என்பது கம்பெனி முழுவதற்கும் பொதுச்சொத்து. டீ கொண்டு வருகிறவரிலிருந்து லோடு ஏற்றுகிறவர் வரை "என்னம்மா, ஏதும் விசேசம் உண்டா?" என்று விசாரிப்பார்கள். உண்டானால் வேலை போகும், உண்டாகாவிட்டால் மானம் போகும். எந்த ஆம்பளையையும் யாரும் இப்படி விசாரித்து நான் பார்த்ததில்லை.

பைண்டிங்கில் ஒரு அக்கா உண்டு. என் மேல் உயிர். ஆடிப்பூரத்துக்கு மறுநாள் காலை நேராக டிசைன் அறைக்குள் வந்தாள். கையில் அம்மன் கோயிலில் கொடுத்த கண்ணாடி வளையல்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"கைய நீட்டு தாயி. உனக்காக அம்மன்கிட்ட முந்தானைய ஏந்தி வாங்கிட்டு வந்துருக்கேன். அடுத்த ஆடிக்குள்ள உன் மடியில புள்ள இருக்கும் பாரு."

வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காக அழுகிறவளிடம் எப்படிப் பொய் சொல்வது? தாங்க முடியாமல் காதருகே குனிந்து, "அக்கா, ஏற்கெனவே தங்கிருச்சு. யார்ட்டயும் சொல்லிறாதீக" என்றேன்.

பின்பாதியைக் கேட்க அவள் எங்கே காத்திருந்தாள்? மெஷின் சத்தத்தையும் மீறிக் குலவை போட்டுவிட்டாள். பைண்டிங் பெண்கள் பசைக் கையோடு ஓடி வந்து, அவர்களும் சேர்ந்து குலவையிட்டார்கள். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. உண்மையான சந்தோஷம்தான். அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். திட்டியிருந்தால் நானும் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

"ரொம்ப சந்தோசம்மா. அம்புட்டு நேரம் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா புள்ளைக்கு ஆகாது. நாளையிலருந்து வீட்ல இரு. மிச்ச வேலையத் தம்பி பாத்துக்கிடுவாப்ல."

"அண்ணாச்சி, ஆல்பம் முடியுற வரைக்கும் நான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் செய்யல."

"புள்ளய விட ஆல்பமா முக்கியம்?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் நான் பேய். இல்லை என்றால் வேலை போச்சு. பையை எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சி சொன்ன தம்பி, நான் வேலை கற்றுக்கொடுத்தவர்தான். அன்று மத்தியானமே என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆடிப்பெருக்கு பூஜையில் அவருக்குத்தான் சால்வை போட்டார்கள். எங்களுக்கு மகள் பிறந்தபோது, என் கணவருக்கு அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் கேக் வெட்டினார்கள். ரெஸ்ட் எடுக்கச் சொல்லவில்லை.

மகள் நடக்கத் தொடங்கியபின் திரும்பப் போனேன். "புள்ளக்காரிக்கு இதான் தோது" என்று சொல்லி அண்ணாச்சி பில் போடும் மேஜையைக் கொடுத்தார். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் டிசைன் வேலை கேட்டு ஒரு பெண் வந்தாள். என் மேஜைக்கு முன்னால்தான், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். செல்போனில் அவள் காட்டிய டிசைன்கள் அண்ணாச்சிக்குப் பிடித்துவிட்டன.

"கல்யாணம் ஆயிருச்சாம்மா?"

"இல்ல சார்" என்றாள் பட்டென்று.

அவள் பின்கழுத்தில் மஞ்சள் கயிறு நன்றாகத் தெரிந்தது. அண்ணாச்சிக்குப் போன் வந்து அவர் அந்தப் பக்கம் திரும்பினார். நான் எழுந்து போய், கீழே விழுந்த தாளை எடுப்பதுபோல் குனிந்து, அவள் துப்பட்டாவை இழுத்து அந்தக் கயிற்றை மூடினேன்.