ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார்

நம் கிணற்றில் ஏன் இரண்டு மோட்டார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். தண்ணீர் அதிகம் என்பதால் அல்ல. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அரை மணி நேரத்தில் காற்றுதான் வரும். காரணம் ஓட்டு. கேட்டால் சிரிப்பீர்கள், எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

எழுபதுகளின் தொடக்கம் வரை எங்கள் ஊரில் ஓட்டு என்பது ஊர்க் காரியம். அன்று காலையில் மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றுவார்கள். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழைய கட்சிக்கே குத்திவிட்டு வருவோம். வேட்பாளர் பெயர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது.

பிறகு உர விலை ஏறியது, கரும்பு வெட்ட ஆள் வரவில்லை. ஆளுக்கு ஒரு கோபம். ஒரு தேர்தலில் என் சித்தப்பா சூடம் தொட வரவில்லை. வாய்க்கால் மேட்டில் புதுக் கட்சிக் கொடிக்கம்பம் நட்டார். என் அப்பாவுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு, அது பொறுக்கவில்லை.

கிணறு இருவருக்கும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் சித்தப்பா முறை. மோட்டார் அறைச் சாவி அப்பாவிடம் இருந்தது. அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சித்தப்பாவுக்கு இருந்தது ஒரு வெற்றிலைக் கொடிக்கால் மட்டும். சித்திரை வெயிலில் நான்கு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் கொடி சுருண்டுவிடும். நான் அப்பாவிடம் போனேன்.

"ஏனுங்கப்பா, ஓட்டுக்கும் தண்ணிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சூடத்தத் தொடாதவனுக்கு ஊருத் தண்ணி எதுக்கு? அவங் கட்சிக்காரன் வந்து ஊத்தட்டும்."

ஐந்தாம் நாள் கொடிக்காலில் பாதி போய்விட்டது. சித்தப்பா தனி மோட்டாருக்கு மனுப் போட்டார். அதற்குக் கிணற்றுப் பங்காளியின் கையெழுத்து வேண்டும். காகிதத்தைக் கொண்டுபோனதும் நான்தான். அப்பா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சாவியைக் கொடுப்பதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அடுத்த தேர்தலில் இரண்டு கட்சியும் கூட்டணி. எங்கள் தொகுதியில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே சின்னத்தில் குத்த வேண்டும். வரிசையில் அப்பா, நடுவில் நான், பின்னால் சித்தப்பா. இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன்.

"இப்பத்தான் ரெண்டு பேருக்கும் ஒரே சின்னமுங்களே. முறையப் பழையபடி வெச்சுக்கலாமுங்களா?"

அப்பா திரும்பாமலே சொன்னார்: "சின்னம் ஒண்ணா இருந்தா என்ன? நான் குத்தற காரணம் வேற."

"உங்கொப்பங்கிட்டச் சொல்லு சாமி," என்றார் சித்தப்பா என் காதருகில், "எங் கட்சி ஓட்டுலதான் அவுங்காளு செயிக்கோணும்."

இருவருக்கும் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

எண்பதுகளில் கூட்டணி உடைந்தது. அதற்குள் அப்பாவுக்குப் பழைய கட்சிமீது வெறுப்பு, சித்தப்பாவுக்குப் புதுக் கட்சிமீது வெறுப்பு. இருவரும் அப்படியே இடம் மாறிக் குத்தினார்கள். ஊரும் அதற்குள் நாலாகப் பிரிந்துவிட்டது. சூடம் ஏற்றக்கூட யாரும் வருவதில்லை. அண்ணன் தம்பி இருவரும் மட்டும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு கோடையில் கரண்ட் வந்ததும் வராததுமாக இரண்டு மோட்டாரும் ஓடின. சேறு வந்தது. எங்கள் கரும்பும் காய்ந்தது, அவர்களிடம் மிச்சமிருந்த கொடிக்காலும் போயிற்று.

அதற்குப் பிறகுதான் சித்தப்பா மகனும் நானும் பேசி முறையைத் திரும்ப வைத்தோம். பெரியவர்களிடம் கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் தேர்தல் வருகிறது. நேற்று உங்கள் தாத்தா என்னைக் கூப்பிட்டார்.

"உஞ் சித்தப்பன் இந்தத் தடவ எதுல குத்தறானாம்?"

தெரிந்துகொண்டு அதற்கு எதிராகக் குத்தத்தான் கேட்கிறார். சித்தப்பா எதில் குத்துவார் என்று எனக்குத் தெரியும்.

"அதெனக்குத் தெரியாதுங்கப்பா. இன்னைக்குத் தண்ணி அவுங்க முறைங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, முந்தின நாள் முறைக்குப் போட்டிருந்த நம் மோட்டாரை நிறுத்தப் போனேன்.