அடியில் கிடந்த எட்டு மூட்டை

மூன்று வருடங்களுக்கு முன், சிறுபோக அறுவடை முடிந்து நெல் வந்து குவிந்துகொண்டிருந்த நாட்கள். கல்முனைக்கு மேற்கே வயலை ஒட்டிய ஓர் அரிசி மில்லில் அப்போதும் வேலை செய்தேன், இப்போதும் செய்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். நாலு பேர் கூடி நின்றால் எனக்கு வாய் திறக்காது. இதையும் எழுத்தில்தான் சொல்ல முடிகிறது.

அந்த வருடம் முதலாளி ஹாஜியார் நிறம் பிரிக்கும் மெஷின் ஒன்றை இறக்கியிருந்தார். அரிசி விழும்போது கமரா பார்க்கும். கறுப்பு அரிசியையும் கல்லையும் காற்றால் ஊதித் தள்ளிவிடும். உள்ளே ஒரு கம்பியூட்டர். அதைப் பார்த்துக்கொள்ள என்னையும், நாவிதன்வெளியிலிருந்து வரும் ஒரு தமிழ் ஆளையும் விட்டார். என்னை விட இரண்டு மூன்று வயது குறைந்தவர், பிள்ளைகுட்டிக்காரர், பெரிய பகிடிக்காரர். என்னை அண்ணன் முறை வைத்துக் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவார். “காக்கா, இந்த மெஷின் அரிசிக்குள்ள கிடக்கிற கல்லப் புடிச்சிரும். உங்கட வாயில இருந்து ஒரு கதையப் புடிக்குமா?” என்பார். நான் சிரிப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் மெஷினடியில் நிற்கும்போது திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடின. மெஷின் நின்றுவிட்டது. எதையோ தப்பாக அமத்திவிட்டேன் என்று பயந்துபோனேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று நினைத்து, சுவிட்சை மூடித் திறந்தேன். ஓடத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல நாங்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போனோம். அந்த நேரத்தில் மில் என்னோடு மெஷின் பார்க்கும் அந்தத் தமிழ் ஆளின் பொறுப்பு. அவர்களுடைய கோயில் திருவிழாவுக்கு அவருடைய வேலையை நான் பார்ப்பேன். பேசி வைத்ததல்ல, அப்படியே பழகிவிட்டது. தொழுதுவிட்டு வந்தபோது மெஷின் நின்றிருந்தது. இந்த முறை சுவிட்சை மூடித் திறந்தும் எழும்பவில்லை. லொறிகள் வாசலில் காத்துக் கிடந்தன.

மூன்றாம் நாள் மெஷின் விற்ற கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். மெஷின் இப்படி வேலை நின்று விழும்போது, அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் விழுமாம். அந்தக் கோப்பைத் தன் லெப்டொப்பில் திறந்து பார்த்தார். “நிப்பாட்டச் சொல்லி உத்தரவு போயிருக்கு. ஆரோ கையாலதான் நிப்பாட்டியிருக்காங்க” என்றார்.

“நாங்க தொழப் போன நேரம் நீங்க என்ன விளையாட்டுக் காட்டின?” என்று மூட்டை தூக்குபவர் ஒருவர் நாவிதன்வெளிக்காரரைக் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

“ஹாஜியார், நான் மெஷினுக்குக் கிட்டப் போகவுமில்ல.”

“எனக்கு உங்களோட கோவமில்ல தம்பி. ஆனா மெஷின் பொய் சொல்லாதுதானே” என்றார் ஹாஜியார்.

அப்போது நாவிதன்வெளிக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் காலில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செவ்வாய்க்கிழமை தானாக நின்றதைச் சொன்னால், ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அவ்வளவுதான் என் பயம். அடுத்த நாளிலிருந்து அவர் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்துப் பெரும்போக நெல் வந்த நேரம், எல்லோரும் பார்த்திருக்க மெஷின் மறுபடியும் விழுந்தது. இந்த முறை கம்பனி ஒரு பெண்பிள்ளையை அனுப்பியது. பழைய கோப்பையும் புதியதையும் வாங்கிப் பார்த்த அந்தப் பிள்ளை, அரை மணித்தியாலத்தில் தலையில் கை வைத்தது. எங்களுக்கு விளங்கட்டும் என்று மூட்டை அடுக்கைக் காட்டிச் சொன்னது.

“கம்பியூட்டர் தான் செய்யிற வேலையெல்லாத்தையும் இப்பிடித்தான் ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கும். அந்த அடுக்கு எவ்வளவு பெரிசு எண்டு வாசிக்கிற கருவிக்குத் தெரியணும். முதல் வந்தவர்ர கருவி எட்டு எண்டு தானா நினைச்சிட்டு. இந்த மெஷின்ல பதினாறு. மேல இருந்த எட்டைத்தான் அவர் பார்த்திருக்கார். முதல் வெச்ச மூட்டை அடியிலதானே கிடக்கும், மாமா?”

அடியில் கிடந்தது கமராவின் கோளாறு. அதுதான் மெஷினை நிற்கச் சொல்லியிருக்கிறது. ஒரு மனிதக் கையும் படவில்லை. “அளவ நாங்களா நினைக்கப்படா. அது மெஷினுட பதிவுலயே இரிக்கி, அதப் பார்த்து எடுக்கணும்” என்றது பிள்ளை. ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “நீ போய் அவரக் கூட்டிக்கிட்டு வா” என்றார்.

நாவிதன்வெளியில் அவர் யாருடைய வயலுக்கோ கூலிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் முதுகில் இருந்த மருந்து டாங்கியை இறக்கி வைத்துவிட்டு, “வாங்க காக்கா” என்றார். வாய்க்கால் கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு, பதினாறு, கமரா, எல்லாம். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் கதைத்ததில்லை. செவ்வாய்க்கிழமையையும் சொன்னேன்.

“ஓம், தெரியும்” என்றார். “நான் அண்டைக்கு உமி மூட்டைக்குப் பின்னால நிண்டன். நீங்க சுவிட்ச மூடித் திறந்தத கண்டன்.”

“அப்ப ஏன் ஹாஜியாரிட்டச் சொல்லல்ல?”

“சொன்னா உங்களையும் வெளிய விட்டிருப்பாங்களே. நீங்களே சொல்லுவீங்க எண்டுதான் பார்த்துக்கிட்டு நிண்டன், காக்கா.”

அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். மில்லுக்கு வருவீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். டாங்கியை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு வரம்பில் இறங்கினார். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. இரண்டு முறை தேடிப் போனேன். தூரத்து வயல்வட்டையில் வேலை என்று வீட்டார் சொன்னார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் தொழப் போகிறோம். பொறுப்பாக விட்டுப் போக ஆளில்லை. கோப்பில் வாசிக்காமல் விட்ட பாதியை மாதங்கள் கழித்தாவது ஒரு பிள்ளை வந்து வாசித்துவிட்டது. ஆனால் நான் வாய் திறப்பேன் என்று ஒரு மனிதன் என்னையே பார்த்து நின்ற அந்த ஒரு நிமிடத்தை, இப்போது எவ்வளவு கதைத்தும் என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.