பொம்மை மூன்றாம் முறை சாவதற்குள்

ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் நோயாளிப் பொம்மை அன்று காலையில் இரண்டு முறை செத்துவிட்டது. மூன்றாவது முறையும் செத்தால் மாலையில் மறுபடி நடத்துவதாக சர்ஜன் கிருஷ்ணமூர்த்தி சொல்லிவிட்டார். மாலையில் ஷீலா கச்சால் கப்பலில் இருக்க வேண்டும்.

போர்ட் பிளேரில் நர்ஸாகி வெகுகாலம் ஆகியும், யார் கேட்டாலும் அவள் ஊர் கச்சால்தான். சிலோன் மலையிலிருந்து வந்த அப்பா ரப்பர் பால் வெட்டி அவளைப் படிக்க வைத்த தீவு. அங்கே தம்பி முத்துராஜின் மகளுக்கு நிச்சயதார்த்தம். "அத்தைக்காரி நீ இல்லாம தட்ட யாரு மாத்துறது?" என்று தம்பி போனில் குதித்தான். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது விசேஷம் முடிந்த பிறகுதான்.

எல்லாம் ஜூனியர் டாக்டர் அஃப்ஷீன் கையில் இருந்தது. படிப்பில் கெட்டிக்காரி, தொடை கிழிந்து வருபவனுக்கு என்ன செய்யவேண்டுமென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் பொம்மையின் தொடையில் சிவப்புத் தண்ணீர் பீறிட்டதும், "சிஸ்டர், பிளட் கொண்டு வாங்க" என்றாள். அறையில் ஷீலாவையும் சேர்த்து மூன்று சிஸ்டர்கள். மூவரும் ஓடினார்கள், காயத்தை அமுக்க ஆளில்லை. அடுத்த முறை, மற்றவள் போவாள் என்று மூவரும் நின்றார்கள். டாக்டர் சொல்லாததை நர்ஸ் செய்யக்கூடாது என்பது பயிற்சியின் விதி. ஷீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேரச் சொல்லி வேலை சொல்லுங்க டாக்டர்."

அஃப்ஷீன் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா நான் போட்ட டீயக் குடிக்கிறீங்க. எம் பேரு தெரியாதா?"

"மொத நாளே கேட்டிருக்கணும்க்கா. அப்புறம் கேக்க வெக்கமாப் போச்சு."

"நல்ல வெக்கம். ஆளு செத்துப் போயிருவான்."

ஷீலா பெயரைச் சொல்வதற்குள், "சலோ, ஸ்டார்ட்" என்றார் சர்ஜன். தண்ணீர் பீறிட்டது. அஃப்ஷீன் ஒரு கணம் விழித்தாள்.

"டெய்ரி ஃபார்ம் அக்கா, தொடைய அமுக்குங்க. கராச்சர்மா தீதி, பிளட். ரங்கத் சிஸ்டர், ட்ரிப் போடுங்க."

அவரவர் குடியிருக்கும் இடத்தின் பெயரைக் கேட்டு மூவரும் மூன்று பக்கம் நகர்ந்தார்கள். திரையில் பிரஷர் ஏறியது.

"இது ஆஸ்பத்திரியா, பஸ் ஸ்டாண்டா?" என்ற சர்ஜன், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொம்மை பிழைச்சுது, போங்க" என்றார்.

ஷீலா ஈரக் கையுறையைக் கழற்றி வீசினாள்.

"எம் பேரு ஷீலா. டெய்ரி ஃபார்ம்ல நான் வாடகைக்குத்தான் இருக்கேன்."

அஃப்ஷீன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதைக் கேட்கவோ, அடுத்த பேட்ச்சுக்கும் அவளை நிறுத்திக்கொள்ள சர்ஜன் நினைக்கவோ நேரம் கொடுக்காமல் ஷீலா கப்பலைப் பிடிக்கப் படியிறங்கினாள்.