கதவைப் பற்றிக் கேட்ட பாட்டுக்காரர்

வத்தல் நெடிக்குத் தும்மிக்கொண்டே படியேறிய எனக்கு அந்தப் பாட்டு முதலில் உள்ளங்காலில்தான் ஏறியது. விருதுநகரில் என் பள்ளித்தோழி ஜமீலாவின் அத்தா நடத்திய மிளகாய் வத்தல் மண்டியின் மாடி அது. பலகைத் தளம். கப்பலில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயர், சாக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தது. 'பாஸ் கிட்டார்' என்று பின்னாளில் பெயர் தெரிந்துகொண்ட அந்தத் தடித்த ஒலி, பலகை வழியாக வந்து என் முழங்காலில் நின்றுகொண்டது.

இசைத்தட்டின் அட்டையில், மூடிய கதவொன்றின் முன்னால் கோட்டு போட்ட ஒரு கறுப்பு அமெரிக்கர் கைகட்டி நின்றிருந்தார். அவருடைய பெயரை எங்களால் சரியாக உச்சரிக்க முடியவில்லை. 'கேள்விக்காரர்' என்று நாங்களாக ஒரு பெயர் வைத்தோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நாலு வரி பாடுவார். வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நிற்கும். அந்த நிசப்தத்தில் ஒரு கேள்வி கேட்பார். பின்பாட்டுப் பெண்கள் வில்லுப்பாட்டில்போல 'ஆமா' போடாமல், அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பார்கள். பிறகு நையாண்டி மேளக்காரர் ஆளைப் பார்த்து வைக்கிற மாதிரி ஒரே ஓர் அடி. அவ்வளவுதான், மறுபடி எல்லாம் ஓட ஆரம்பிக்கும். கீழேயிருந்து ஜமீலாவின் அம்மா குரல் கொடுப்பார்: "ஏ புள்ள, அந்த மனுசன் எதுக்கு இம்புட்டுக் கோவப்படுறாரு? வீட்டுல சோறு ஆக்கலையாமா?"

எனக்கு அந்தக் கோபம் தேவைப்பட்ட நேரம் அது. அதற்கு மூன்று மாதம் முன்பு, தீபாவளி சீசனின் உச்சத்தில், எங்கள் ஆமத்தூருக்குப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்த என் அக்கா பேச்சியம்மாள் வெந்து செத்தாள். அவளோடு அதே அறையில் இன்னும் இரண்டு பெண்கள். விசாரணை அறிக்கை ஒன்று வந்தது. எங்கள் வட்டாரத்து விபத்து அறிக்கைகளில் 'உராய்வு' என்று ஒரு குற்றவாளி உண்டு. இதுவரை அவனை யாரும் கைது செய்ததில்லை. இந்த முறை அவனுக்குத் துணையாக அக்காவின் பெயரையும் சேர்த்திருந்தார்கள்: பேச்சியம்மாளின் கவனக்குறைவால் ஏற்பட்ட உராய்வு. செத்தவர்களில் ஒருத்தி, பக்கத்து வீட்டு இருளாயி அத்தையின் மகள். தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அத்தை என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "ஒம் மக கைவேகம் எம் மகளைத் தின்னுருச்சு." அம்மா அரைக்குடத்தோடு திரும்பி வந்தாள். அதன் பிறகு அந்தக் குழாய்க்கு அவள் போகவேயில்லை. தெருக்கோடிக் கிணற்றுக்குப் போனாள்.

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டைப் பிடிப்பது லேசான காரியமில்லை. சனிக்கிழமைகளில் நானும் ஜமீலாவும் ஊசியைப் பின்னால் தூக்கி வைத்து, ஒரு வரிக்கு இருபது தடவை கேட்டு, நோட்டில் எழுதி, அகராதியில் தேடினோம். விளங்காத இடங்களை அவள் அண்ணனுக்குக் கடிதத்தில் எழுதிக் கேட்டோம். ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பதில் வரும். மாதங்கள் ஆயின. கடைசியில் விளங்கியது இது: அவருடைய ஊரில் ஒரு சலவைக்கூடம் எரிந்து, உள்ளே வேலை பார்த்த பெண்கள் இறந்திருக்கிறார்கள். தீ எப்படிப் பிடித்தது என்று எல்லாரும் கேட்டாயிற்று, நீங்களும் பதில் சொல்லியாயிற்று, நான் கதவைப் பற்றிக் கேட்கிறேன் என்கிறார். கதவுக்கு முன்னால் என்ன இருந்தது? யார் வைத்தது? வைக்கச் சொன்னவர் பெயர் என்ன?

நோட்டை மூடிவிட்டு நான் தும்மாமல் உட்கார்ந்திருந்தேன். சாவதற்கு நாலு நாள் முன்பு சாப்பிடும்போது அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. "லாரி வரலைன்னு பின்வாசல் பூரா பெட்டிய அடுக்கிட்டாக. வெத்தலை எச்சி துப்பக்கூட வெளிய போக முடியலம்மா." சீசனில் எல்லாக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம். லோடுமேன்கள் அப்படியே தூக்கி லாரியில் ஏற்ற வசதி. அதைத் தவறென்று சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை, அக்காவுக்கே தோன்றவில்லை.

அந்தத் தட்டில் வாடகை வீட்டுக்காரன் மேல் ஒரு பாட்டு, போர் மேல் ஒரு பாட்டு, காவல் நிலையத்தின் மேல் ஒரு பாட்டு என்று எல்லாவற்றிலும் அவர் பதவியில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். அவரது பாட்டை வானொலிகள் நிறுத்திவிட்டதாக அண்ணன் எழுதியிருந்தார். எங்கள் ஊர் ஒப்பாரி செத்தவர்களைப் புகழும். இவர் ஒரு சொட்டும் அழவில்லை. அதைவிட நான் வியந்தது அந்த நிசப்தத்தை. கேள்வி கேட்டபின் அவர் அதை விளக்குவதில்லை, இடைவெளியை நிரப்புவதில்லை. எதிராளி நெளியும்வரை காத்திருப்பார்.

தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போனேன். முப்பது ஆண்டுகளுக்குமேல் கழித்து, பட்டாசு உரிமங்களைப் பார்க்கும் பிரிவில் கண்காணிப்பாளராக உட்கார்ந்தபோது அக்கா செத்த கம்பெனி முதலாளியின் கோப்பு என் மேசைக்கு வந்தது. கூடுதல் சரக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார். என் உடன்பிறந்தவள் அந்தக் கம்பெனியில் இறந்தவள் என்பதால் இக்கோப்பிலிருந்து என்னை விடுவிக்கலாம் என்று முறைப்படி எழுதி வைத்தேன். 'ஆட்சேபணை இல்லை, தொடர்க' என்று மேலதிகாரி எழுதினார். அதையும் கோப்பில் சேர்த்தேன்.

நீண்ட கால அனுபவத்துக்குச் சான்றாக மனிதர் பழைய சரக்குப் பதிவேடுகளின் நகலைப் பெருமையோடு இணைத்திருந்தார். விபத்து நடந்த நாளின் பக்கமும் அதில் இருந்தது. அக்கா வேலை பார்த்த ஐந்தாம் அறைக் கணக்கில் அனுமதிக்கு மேல் பெட்டிகள். நான் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: அன்று அந்த அறையில் அளவுக்கு மீறிச் சரக்கு இருந்தது ஏன்? பிறகு நினைவூட்டல் அனுப்பவில்லை, தொலைபேசியை எடுக்கவில்லை, வந்து போன தரகரிடம் 'நிலுவையில் உள்ளது' என்பதற்கு மேல் பேசவில்லை. ஏழாவது வாரம் முதலாளி தாங்க மாட்டாமல் எழுதினார்: "மேற்படி பெட்டிகள் அறைக்குள் வைக்கப்படவில்லை. லாரி வராததால் என் உத்தரவுப்படி பின்வாசலில் மட்டுமே அடுக்கப்பட்டிருந்தன. எனவே அறையின் அளவு மீறப்படவில்லை." கீழே கையெழுத்து, முத்திரை.

அந்த வரியின் பேரில் ஆய்வு உத்தரவாகி, மற்ற அறைகளின் பின்வாசல்களிலும் பெட்டிகள் அகப்பட்டு, உரிமம் ரத்தானது. வழக்குப் போடக் காலம் கடந்துவிட்டது என்று சட்டம் சொன்னது. சட்டம் அப்படித்தான் சொல்லும். அவர் என் மேசைக்கு வந்தார். "ஒத்த வரிக்காக ஒரு கம்பெனிய மூடுவீகளாம்மா?"

"நீங்க எழுதின வரிதானய்யா. நான் ஒரு புள்ளிகூட மாத்தலையே."

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்தப் பதிலின் நகல் கேட்டு மனு போட்டது அம்மா. கொடுத்தது வேறு பிரிவு. நான் அன்று விடுப்பு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அம்மா, அத்தனை ஆண்டு கழித்து, குழாயடிக்குப் போனாள். என்னை வாசிக்கச் சொன்னாள். பிறகு இருளாயி அத்தையிடம், "மதினி, எல்லாரும் கேக்க ஏசுனீக. எல்லாரும் கேக்கவே திருப்பி எடுங்க" என்றாள். அத்தை இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தார். "எடுத்துக்கிட்டேன் மதினி. இதை அந்த ஆளுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லு ஒம் மகளை. வருசா வருசம் அனுப்பச் சொல்லு."

அப்படியே செய்கிறேன். அக்காவின் நினைவுநாளன்று முதலாளி எழுதிய வரியின் நகல் ஒன்று, கீழே அம்மாவும் அத்தையும் வைத்த இரண்டு கைநாட்டு, என் கையெழுத்து, பதிவுத் தபாலில் போகும். ஒப்புகை அட்டையில் அவர் கையெழுத்து திரும்பி வரும். இப்போது கேள்விக்காரரின் எல்லாப் பாட்டும் கைபேசியில் கிடைக்கிறது. வத்தல் மண்டி செல்போன் கடையாகிவிட்டது. அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. தாளில் என் கையெழுத்து மட்டும். பதிவுத் தபாலையே விரைவுத் தபாலோடு கலந்துவிட்டார்கள். புது நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இந்த ஆண்டும் அனுப்பினேன்.

போன வாரம் முதலாளியின் மருமகள் கூப்பிட்டார். "தொண்ணூறு தாண்டியாச்சும்மா அவருக்கு. கண்ணு சுத்தமாத் தெரியல. இனிமே அனுப்பாதீக."

"அப்ப நீங்க வாசிச்சுக் காட்டுங்கம்மா" என்றேன். "சத்தமா வாசிங்க."