வெயில் விழுந்த ஓடை

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். பகாவ் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் நானும் என் தங்கச்சியும் இருந்தோம். என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில் பாதை போடுகிற வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். அரிசி கிடையாது. காட்டை வெட்டி மரவள்ளி போடச் சொல்லி உத்தரவு வந்தது.

லயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை. ரெண்டு கரையிலும் மரம் அடைத்துக்கொண்டு, பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும். அட்டைக்குப் பயந்து யாரும் போக மாட்டோம். அந்தக் கரையைத்தான் முதலில் வெட்டினோம். மரமெல்லாம் சாய்ந்ததும் வெயில் தண்ணீரில் விழுந்தது. அடியில் கிடக்கிற மணல்கூடத் தெரியும், அவ்வளவு தெளிவு. எங்களுக்கு ஒரே சந்தோஷம். துவைக்கிறது, குளிக்கிறது எல்லாம் அங்கேதான்.

கொஞ்ச நாளிலேயே குளிர்க்காய்ச்சல் பரவியது. முன்பும் காய்ச்சல் உண்டு. ஆனால் இப்படி வீட்டுக்கு வீடு படுத்ததில்லை. தங்கச்சியும் படுத்துவிட்டாள். அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை எங்கும் இல்லை. மிச்சமிருக்கிற காட்டிலிருந்துதான் கொசு வருகிறது, அதையும் வெட்டிவிடலாம் என்று பெண்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

தங்கச்சியைப் பார்க்க வந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் இதைக் கேட்டு, என்னை ஓடைக்குக் கூட்டிப் போனார். ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கரையோரத் தண்ணீரை மொண்டு காட்டினார். நூல் துண்டு மாதிரி என்னென்னவோ மேலாகப் படுத்துக் கிடந்தன. விரலை வைத்ததும் நெளிந்து ஓடின.

"இதெல்லாம் காய்ச்சக் கொசுவோட புழு. இந்தக் கொசுவுக்குச் சாக்கடை வேணாம்மா. நல்ல தண்ணியும் வெயிலும்தான் வேணும். மரத்து நெழலு இருந்த வரைக்கும் இது இங்க பெருகல" என்றார்.

 அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையில்கூட அந்தத் தண்ணீரில்தான் தங்கச்சிக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டிருந்தேன்.

எங்களை வேலை வாங்குகிற மண்டோரிடம் போய்ச் சொன்னோம். அவர் பிள்ளைக்கும் காய்ச்சல். "செய்றத செய்ங்க, நான் பாக்கல" என்றார். மரக்கிளை, தென்னமட்டை, காட்டுப் புதர் என்று கிடைத்ததையெல்லாம் இழுத்து வந்து, வெயில் விழாதபடி ஓடையை மூடினோம். கரையில் தழைத்த செடியை யாரும் தொடக் கூடாது என்று பேசி வைத்தோம். ஒருநாள் ஜப்பான் அதிகாரி வந்து, இது என்ன என்று கேட்டான்.  மரவள்ளிக் குச்சி காயாமல் இருக்க நிழல் போட்டிருக்கிறோம் என்று மண்டோர் மலாயில் சொல்லிச் சமாளித்தார். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.

புதிதாகக் காய்ச்சலில் விழுகிறவர்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். மண்டோர் பிள்ளை எழுந்து நடந்தது. என் தங்கச்சி மட்டும் தேறவில்லை. ஓடையை மூடிய அந்த வாரமே போய்விட்டாள்.

இன்றைக்கும் எங்கேயாவது ஆற்றோரத்து மரங்களை வெட்டிவிட்டு, இடம் சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஓடைதான் ஞாபகம் வரும். அந்த நிழல் எதைத் தடுத்து வைத்திருந்ததோ, அது யாருக்குத் தெரியும்?